கரும்பு வண்டியில் கட்டியிருந்த ஸ்பேனர்

போன வாரம் ஜெசிந்தா மேடம் போன் செய்தார். இருங்காட்டுக்கோட்டை பக்கத்தில் கம்பெனி பஸ்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இப்போது அவர்தான் மேனேஜர். புதிதாக ஆறு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களாம். முதலில் என்ன டூல்ஸ் வாங்க வேண்டும் என்று ஆறு பேரும் வந்த அன்றே கேட்டிருக்கிறார்கள். "அண்ணே, நீங்க ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிடறேன்" என்றார். ஒரு பக்கம் என்று அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் பத்து வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராகப் பேசிப் பேசியே பிழைத்தவனை ஒரு பக்கத்தில் நிறுத்தச் சொன்னால் எப்படி நிற்பான்? இதை எந்தச் சுவரில் ஒட்டுவது என்பது இனி அவர் பாடு.

நான் மெக்கானிக் ஆனது நாற்பதாவது வயதில். மினி பஸ் முதலாளி ரூட்டை விட்டுவிட்டார். விசில் ஊதிய வாய்க்கு வேறு வேலை தெரியவில்லை. மறைமலை நகரில் ஆறு மாத டீசல் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் வந்துவிட்டார் என்று வகுப்பே எழுந்து நின்றது. நானும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வேலை கிடைத்த இடத்தில் நாற்பது பஸ்கள். சுங்குவார்சத்திரம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சுற்று வட்டாரக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் முதலாளியின் தொழில். கம்பெனி கேட்டில் அட்டை தேய்க்கும் மெஷின் இருக்கிறதே, அது யார் கெஞ்சினாலும் கேட்காது. பஸ் நேரம் தவறினால் அதில் வந்த அத்தனை பேருக்கும் அரை நாள் போச்சு. அதனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை. நேரத்துக்குப் போய்ச் சேருமா என்றுதான் கேட்பார்கள்.

ஜெசிந்தா மேடம் அப்போது ஃபோர்மேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவர், வயது இருபத்தாறு. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார், இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. காதில் பென்சில் செருகுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர் சாக்பீஸ் செருகியிருப்பார். சாயங்காலம் பார்த்தால் ஒரு பக்கத்து முடி மட்டும் நரைத்த மாதிரி இருக்கும். நாம் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் வந்து அதன் மேல் இரண்டு விரலை வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு லேசாக அசைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் "ம்" என்று ஒரே சத்தம். தப்பாக இருந்தால் அதுவும் வராது. நேராக டீக்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கி வருவார், ஒன்றை நம் கையில் கொடுப்பார், ஒரு பழைய பேட்டரிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நம் பக்கத்தில் உட்காருவார். குரல் உயராது. ஆனால் அவர் கையில் இரண்டு கிளாஸைக் கண்டால் ஒர்க்‌ஷாப்பே கப்சிப் ஆகிவிடும்.

அவர் வைத்திருந்த முறைகளில் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, ஒரு வண்டியில் யார் கை வைத்தாரோ அவரே மறுநாள் முதல் டிரிப்பில் அந்த வண்டியில் உட்கார்ந்து போக வேண்டும். உங்கள் வேலையை நம்பி ஐம்பது பேர் உட்காரும்போது நீங்களும் கூட உட்காருங்கள் என்பது அவர் கணக்கு.

இன்னொன்று சுவர். டூல் ரூமில் ஒரு சுவருக்குக் கறுப்பு வர்ணம் அடித்து வைத்திருந்தார். மேலே எங்கள் பெயர்கள், இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கருவிகளின் பெயர்கள். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குச் சொந்தமாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் கூட வாங்கக் கூடாது. எது வேண்டுமோ டூல் ரூமில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவிக்கு நேரே, உங்கள் பெயருக்குக் கீழே, ஒரு சாக்பீஸ் கோடு. மூன்று மாதம் முடிந்ததும் எதற்கு நேரே பத்துக் கோடாவது இருக்கிறதோ அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் கடைசி வரை இரவலே வாங்கிக்கொள்ளலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. நாற்பது வயதுக்காரன் அந்தச் சுவர் முன்னால் நின்று பார்த்தால் தெரியும். இரண்டாவது மாதம் முடிவதற்குள் பதினாறு–பதினேழு ஸ்பேனருக்கு நேரே எனக்குப் பதினோரு கோடு. ஒரு முனை பதினாறு, மறுமுனை பதினேழு, இரண்டும் வாய் திறந்த ஸ்பேனர். டீசல் குழாய் நட்டுகளுக்கு அது இல்லாமல் முடியாது, எனக்கோ டீசல் பக்கத்து வேலையாகவே வந்துகொண்டிருந்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவனான பாஸ்கர், "இன்னாண்ணே, உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சுவரு கட்டணுமா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. கோடு நீள நீள, வேலை தெரியாதவன் என்று ஊருக்கே எழுதிப் போட்ட மாதிரி எனக்குப் பட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டதுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி குணாவுக்குப் பொங்கல் போனஸ் வந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய், "உங்களுக்கு வேணுங்கற சாமான வாங்கிக்கங்க" என்று ஒரு டூல்ஸ் கடையில் நிறுத்தினாள். மூன்று மாதத்துக்கு எதுவும் வாங்கக் கூடாது என்ற சட்டத்தை அவளிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும்.

கடையில் ஒரு நீலப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். நூற்றெட்டு பீஸ். கறுப்பு ஸ்பான்ஜில் குழி குழியாக வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு சாக்கெட், சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக, அத்தனையும் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. நான் முதலில் தேடியது பதினேழை. இருந்தது. பதினாறும் இருந்தது. தீர்ந்தது கவலை என்று பெட்டியை மூடி அக்குளில் வைத்துக்கொண்டேன். "இதுல எது எதுக்குன்னு தெரியுமா?" என்று குணா கேட்டாள். எல்லாம் தெரியும் என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் குணா பெட்டியைத் திறந்து காட்டினாள், காப்பி அதற்குப் பிறகுதான்.

பெட்டியைத் துணிப்பையில் மறைத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஒரு வாரத்துக்கு அதைத் திறக்கச் சந்தர்ப்பம் வரவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு டீசல் பில்டர் மாற்றச் சொன்னார்கள். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொண்டு வரும் குழாய், பில்டரில் வந்து சேரும் இடத்தில் ஒரு நட்டு. பதினேழாம் நம்பர். பழைய பில்டரைக் கழற்றும்போது அந்த நட்டை பாஸ்கர் தன் ஸ்பேனரால் தளர்த்திக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். புது பில்டரைப் பொருத்தினேன். ரகசியமாகப் பையைத் திறந்து, பதினேழு சாக்கெட்டை எடுத்து, நட்டின் மேல் வைக்கப் போனேன்.

சாக்கெட் என்பது நட்டின் தலையில் கவிழ்க்கிற தொப்பி. இந்த நட்டுக்கோ நடுத்தலையிலிருந்து குழாய் கிளம்பிப் போகிறது. தொப்பி எங்கே உட்காரும்? இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். குழாயைப் பக்கவாட்டில் விட்டு நட்டைப் பிடிக்க வாய் திறந்த ஸ்பேனர்தான் வேண்டும், என் பெட்டியில் இருந்த நூற்றெட்டில் அப்படி ஒன்று கூட இல்லை. பதினொரு தடவை அந்த ஸ்பேனரை வாங்கி அதே மாதிரி நட்டுகளை முறுக்கியவன்தான் நான். கடையில் எண்ணைப் பார்த்தேனே தவிர வாயைப் பார்க்கவில்லை.

டூல் ரூமை எட்டிப் பார்த்தேன். சுவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். போனால் பன்னிரண்டாவது கோடு. எனக்குக் கால் வரவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து நட்டைக் கவ்வி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். நட்டின் முனைகளில் பிளேயரின் பல் பதிந்தது. எஞ்சினைப் போட்டேன், பத்து நிமிஷம் பட்டு மாதிரி ஓடியது. ஜெசிந்தா மேடம் ஸ்பேர்ஸ் வாங்க வெளியே போயிருந்தார். அவர் வந்து இரண்டு விரலை வைப்பதற்குள் மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டேன். "முடிச்சிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். முடிச்சாச்சு மேடம் என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முறைப்படி ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். அது குணா போகும் பஸ். மடியில் நீலப் பெட்டி, பஸ்ஸில் எல்லாரும் பார்க்கட்டும் என்று குணாதான் எடுத்துவரச் சொல்லியிருந்தாள். ஐம்பது பேரில் முக்கால்வாசிப் பெண்கள், எல்லாரும் கம்பெனிச் சட்டையில். "குணாக்கா வூட்டுக்காரரு, மெக்கானிக்கு" என்று பின்சீட்டு வரை சேதி போனது. நான் கண்டக்டராக இருந்தபோது கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை நின்றே விட்டது. டிரைவர் ஏழுமலை வண்டியை ஓரத்தில் உருட்டி நிறுத்தினார். மணி எட்டு. எட்டரைக்குள் கேட்டில் அட்டை தேய்க்க வேண்டும், கேட் இன்னும் நாலு கிலோமீட்டர். ஏழுமலை ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார். வேறு பஸ் வந்து சேர நாற்பது நிமிஷமாகும் என்றார்கள்.

டிரைவர் சீட் பக்கத்தில் எஞ்சின் மூடியைத் தூக்கினேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் பிளேயரால் முறுக்கிய நட்டு தளர்ந்து, சுற்றிலும் டீசல் ஈரம். உறிஞ்சு குழலில் ஓட்டை இருந்தால் இளநீருக்குப் பதில் காற்றுதான் வரும் இல்லையா, அதே கதைதான். டீசல் லைன் முழுக்கக் காற்று. நட்டை ஒழுங்காக இறுக்க வேண்டும், அப்புறம் எஞ்சினுக்குப் போகும் நாலு குழாய் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த நாலும் பதினேழுதான், நாலிலும் தலையில் குழாய்தான். பிளேயரால் ஒருமுறை பட்டது போதும்.

ஏழுமலை நட்டில் இருந்த பல் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னா தணிகா, பொட்டி இம்மாம் பெருசா கீது, அதுல இதுக்கு ஒன்னு இல்லியா?" என்றார். நான் பெட்டியை மூடிக் கீழே வைத்தேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். ஐம்பது பேரின் அரை நாள் என் ஒருவன் வீம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. குணா என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "இது நீங்க செஞ்ச வேலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எது தேவை என்று கேட்டாள். பதினேழு, வாய் திறந்த ஸ்பேனர் என்றேன்.

"ஜூஸ்காரராண்ட அந்த மாதிரி ஒன்னு தொங்கிக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

நூறு அடி தள்ளி சர்வீஸ் ரோட்டில் கோதண்டம் அப்போதுதான் கரும்பு ஜூஸ் வண்டியைத் திறந்துகொண்டிருந்தார். கரும்பு பிழிய அந்த வண்டியில் ஒரு சின்ன டீசல் எஞ்சின். அதற்கும் அதே குழாய் நட்டு, அதே பதினாறு–பதினேழு. ஆனால் ஸ்பேனரை நாலு முழச் சங்கிலியில் கோத்து வண்டியோடு வெல்டிங் வைத்திருந்தார். இதற்கு முன்னால் மூன்று ஸ்பேனர்களை பஸ்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லையாம். "இனிமே ஸ்பேனரு வேணும்னா வண்டியோடதான் வரும்" என்றார். அவர் கறாராகத்தான் சொன்னார். குணா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

பஸ் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள். இருபது, இருபத்தைந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். கோதண்டம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரும்பு வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. அதன் சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கை ஜல் ஜல் என்று ஒலிக்க, கம்பெனிச் சட்டை போட்ட கூட்டம் அதைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் ஒரு கட்டுக் கரும்பை அணைத்துக்கொண்டு கோதண்டம் ஓடி வர, சாமி ஊர்வலம் போகிறதென்று நினைத்து ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தார். வண்டியை டிரைவர் கதவோடு ஒட்டி நிறுத்தினார்கள். சங்கிலி கதவு வழியாக வந்து, ஏழுமலையின் மடியைத் தாண்டி, என் கைக்குச் சரியாக எட்டியது. ஒரு சாண் குறைந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் நான் கெடுத்த நட்டு. முனை தேய்ந்திருந்தாலும் ஸ்பேனர் பிடித்தது. இறுக்கினேன், கண்ணை மூடி இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு பில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். நுரை நுரையாக வந்தது, குறைந்தது, கடைசியில் சுத்தமான டீசல் வழிந்தது. ஸ்க்ரூவை மூடினேன். அடுத்து எஞ்சின் குழாய்கள். முதல் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஏழுமலையைச் சாவி போடச் சொன்னேன். எஞ்சின் சுற்றியது, நட்டு ஓரத்தில் புஸ் புஸ்ஸென்று காற்று, பிறகு டீசல் பீய்ச்சியது. இறுக்கினேன். ஸ்பேனரை நான் ஒரு திருப்புத் திருப்பும்போதெல்லாம் சங்கிலி இழுபட்டு வெளியே சலங்கை ஒலித்தது. இரண்டாவது நட்டுக்குப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவதற்கு யாரோ தாளம் போட்டார்கள். நாலாவதை நான் இறுக்கி முடிப்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கேட்டில் போய் நின்றபோது எட்டு இருபத்தேழு. ஐம்பது பேரும் ஓடினார்கள். குணா கடைசியாக இறங்கினாள், இறங்கும்போது நீலப் பெட்டியைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். அட்டை தேய்த்துவிட்டு உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீசல் பட்டுவிட்டது என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவரும் நம்பின மாதிரி இருந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினால் ஜெசிந்தா மேடம் கையில் இரண்டு கிளாஸோடு காத்திருந்தார். பாஸ்கர் அடுத்த வண்டிக்குக் கீழே புகுந்துகொண்டான். மேடம் பேட்டரிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன், நீலப் பெட்டி, பிளேயர், முடிச்சாச்சு என்று சொன்னது, கோதண்டத்தின் சங்கிலி, ஒன்று விடாமல். சங்கிலி கதவு வழியாக வந்த இடத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

டீயைக் குடித்து முடித்த பிறகு, "ஸ்பேனர் கேட்க ஏன் வரல?" என்று கேட்டார்.

கோடு விழும் என்று வரவில்லை என்றேன்.

"கோடு உங்களுக்கு இல்ல அண்ணே, ஸ்பேனருக்கு" என்றார். "அதிகமா கோடு இருந்தா அதிகமா வேலை செஞ்சிருக்கீங்கன்னுதான் நான் படிப்பேன். கோடே இல்லாத ஆளப் பாத்தாதான் எனக்கு பயம்."

பிறகு எழுந்து போய், காதிலிருந்த சாக்பீஸை எடுத்து என் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார், நேற்று வாங்காமல் விட்டதற்காம். பக்கத்திலேயே இன்னொன்று போட்டார், கரும்பு வண்டியில் வாங்கியதற்காம். மறுநாளும் நான் அதே பஸ்ஸில் போக வேண்டும் என்றார். அவ்வளவுதான் தண்டனை. பதின்மூன்று கோடுகளையும் அன்றைக்கு நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். என் ரெண்டு மாச வேலை அங்கே எழுதியிருந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் சுவர் எனக்குச் சொன்னது இதுதான். பதினாறு–பதினேழு வாய் ஸ்பேனர் வாங்கு, தரமானதாக ஒன்று. பன்னிரண்டு–பதின்மூன்று ரிங் ஸ்பேனர், பத்து–பதினொன்று வாய் ஸ்பேனர், நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர். பிளேயர் வாங்கும்போது குணா கூடவே வந்து, இதை நட்டில் வைக்க மாட்டேன் என்று கடைக்காரர் முன்னால் சத்தியம் வாங்கினாள். சுத்தியல் வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, சுவரில் ஆறு கோடுதான் இருந்தது, அதனால் பதினெட்டு வருஷமும் சுத்தியலை இரவல்தான் வாங்கினேன். டார்க் ரெஞ்ச் மாதிரி அளவு பார்த்து இறுக்கும் சாமான்கள் டூல் ரூமில் இருப்பதுதான் நல்லது, பத்து பேர் கைக்கும் ஒரே அளவு காட்டும். நீலப் பெட்டியின் சாக்கெட்டுகளை டூல் ரூம் பலகையிலேயே மாட்டிவிட்டேன். ஆட்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள், அதன் மேல் குற்றம் இல்லை. வெறும் பெட்டியைக் குணா வைத்துக்கொண்டாள். அதன் குழிகளில் இப்போது அவளுடைய தையல் மெஷின் பாபின்கள் நிறவாரியாக உட்கார்ந்திருக்கின்றன, அவளுக்கு என்றால் அந்தப் பெட்டியில் எது எதற்கு என்று தெரிகிறது.

கோதண்டத்துக்கு நாங்கள் ஒரு புது ஸ்பேனர் வாங்கிக் கொடுத்தோம், சங்கிலி இல்லாமல். அடுத்த வாரமே அதற்கும் சங்கிலி போட்டுவிட்டார். அந்தக் கோடைக்காலம் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது ஏழாம் நம்பர் பஸ் அவர் வண்டியருகே நின்றுதான் போகும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எலக்ட்ரிக் பஸ்கள் வந்தன. டீசலே இல்லாத வண்டி, கைப்பிடியெல்லாம் ரப்பர் போர்த்திய வேறு மாதிரிக் கருவிகள். என்ன வாங்குவது என்று எல்லோருக்கும் மறுபடியும் குழப்பம். மேடம் சுவரை முழுக்கத் துடைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர் வரிசையில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார். அந்த மாதம் அதிகக் கோடு வாங்கியவர் அவர்தான். எண்ணிப் பார்த்துச் சொன்னவன் பாஸ்கர், பழக்கம் போகவில்லை.

கடைசி நாளன்று என் கருவிகள் அத்தனையையும் டூல் ரூம் பலகையில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் அதிர ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் அடியில் இருக்கும் போல்ட்டு தளர்ந்திருக்கிறது. பதினேழாம் நம்பர். பஸ் பிடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய், டூல் ரூமில் நின்று, பதினாறு–பதினேழு வேண்டும் என்று கேட்டேன். மேடம் ஸ்பேனரைக் கொடுத்து, போய்ட்டு வாங்க அண்ணே என்றார். நான் நகரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்து, சுவரில் ஒரு ஓரத்தில் தணிகாசலம் என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். இரண்டு டீயும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் குணா, "இதுக்குப் போய் அம்மாந்தூரம் போணுமா? கடைல ஒன்னு வாங்கிக்கினா இன்னா?" என்று கேட்டாள்.

"பத்துக் கோடு ஆகட்டும்" என்றேன். இன்னும் ஒன்பது தடவை போக வேண்டியிருக்கிறது.